அளவெட்டிக்குக் கொண்டுபோன பூ

திருச்சியிலிருந்து பலாலிக்கு விமானம் ஒரு மணி நேரம்கூடப் பறப்பதில்லை. மூலனூரில் இருட்டோடு கிளம்பி, கரூரில் பேருந்து மாறித் திருச்சி வந்து சேர்ந்ததுதான் பெரிய பயணம். போக வரச் சீட்டு பதினோராயிரத்துச் சொச்சம். சின்ன விமானம்; இறக்கையில் விசிறி சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். அது நின்று தொலைக்குமோ என்று கடல் முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பயந்தாங்கொள்ளி. லிப்டில் ஏறமாட்டேன். நாய் குரைத்தால் தெருவையே மாற்றிக்கொள்வேன். அப்படிப்பட்டவள் ஐம்பது வயதில் தனியாகக் கடல் தாண்டினேன் என்றால் அதற்குக் காரணம் சுலோசனா.

சுலோவும் நானும் கரூரில் ஒரே தையல் வகுப்பில் படித்தவர்கள். அவள் அகதி முகாமிலிருந்து வருவாள். இரண்டு பேருக்கும் ஒரே மிஷின். முகாமிலேயே அவளுக்குக் கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, புருஷனும் அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். போர் முடிந்து சில வருடங்கள் கழித்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊரான அளவெட்டிக்குத் திரும்பிவிட்டாள். இந்தக் கார்த்திகையில் மகள் தர்ஷினிக்குக் கல்யாணம். "சரசு, நீ வராமல் தாலி கட்ட விடமாட்டன்" என்று போனில் சொல்லிவிட்டாள். போகாமல் இருக்க முடியுமா?

விமானத்தில் என் மடியில் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. அதற்குள் கல்யாணப் பெண்ணுக்கு ஒரு ரவிக்கை. மூலனூரில் எனக்கு ஆரி வேலைக் கடை. வளைந்த ஊசியால் பட்டில் பூவும் மயிலும் போட்டுக் கொடுப்பது தொழில். தர்ஷினிக்கு மாம்பழ நிறப் பட்டில், முதுகு நிறைய ஒரே ஒரு செங்காந்தள் போட்டிருந்தேன். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, மேல்நோக்கி வளைந்த ஆறு இதழ்கள். எங்கள் ஊரில் அது பயிர். கண்வலிக் கிழங்கு என்போம். கிழங்கு விஷம், விதையை மருந்துக் கம்பெனிக்காரர்கள் நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வார்கள். அதோடு அது எங்கள் மாநிலப் பூவும்கூட. ஈழத்தைப் பற்றி மேடையில் முழங்குகிறவர்கள் சுவரொட்டியில் அதைத்தான் பெரிதாகப் போடுவார்கள். ஆகவே யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு உலகத்தில் இல்லை என்று நானே முடிவு கட்டினேன். கடையின் பேஸ்புக் பக்கத்திலும் படம் போட்டேன். "அளவெட்டித் தோழி சுலோவின் மகளுக்கு, நம் பூ" என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை முற்பகல் பலாலியில் இறங்கினோம். மழை சற்று முன்தான் விட்டிருந்தது. சுங்கத்தில் ஓர் இளம்பெண், சிங்களத்தி, பெட்டியைத் திறக்கச் சொன்னாள். ரவிக்கையை விரித்ததும் முகம் மலர்ந்து, "ஆ, நியங்கலா!" என்றாள். பூவுக்கு அவர்கள் பெயர் அது. யாருக்கு என்று கேட்டாள்.

"கல்யாணப் பொண்ணுக்குங்க" என்றேன்.

அவள் முகம் மாறியது. "அம்மா, பொண்ணுக்கு இந்தப் பூ வேணாம். நஞ்சு. எங்க ஊர்ல மனசு உடஞ்ச ஆள் இந்தக் கிழங்குதான் சாப்பிடுறது. தாமர போட்டா நல்லம்." பிறகு ரவிக்கையை ஒரு மடிப்பும் கசங்காமல் மடித்து, பெட்டியை இரண்டு கையாலும் திருப்பித் தந்தாள். விஷம் என்பது எங்களுக்குத் தெரியாதா, அதை விளைவிக்கிறவர்களே நாங்கள்தானே என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஊருக்கு ஒரு நம்பிக்கை என்பதோடு அதை விட்டுவிட்டேன்.

வெளியே சுலோவின் மகன் கபிலன் ஆட்டோவோடு நின்றான். முகாமில் அரைக்கால்சட்டையோடு ஓடிய பயல், இப்போது என்னைவிட ஒரு முழம் உயரம். "வாங்கோ அன்ரி. பிளேனிலை பயந்தனீங்களோ? அம்மா பந்தயம் கட்டினவ" என்று சிரித்தான். பலாலியிலிருந்து அளவெட்டி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வசாவிளான் பக்கம் சாலையின் ஒருபுறம் ராணுவ முள்கம்பி நீளமாக ஓடியது. அதற்குள்ளே கூரை இல்லாத வீடுகள், அவற்றின் நடுவே மரம் வளர்ந்து நின்றது. படம் எடுக்கலாமென்று போனைத் தூக்கினேன். கபிலன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"இதிலை எடுக்காதேங்கோ, அன்ரி. போனை பாக்குக்குள்ளை வையுங்கோ."

சொன்ன குரலில் சிரிப்பு இல்லை. பைக்குள் வைத்துவிட்டேன். தெல்லிப்பளையில் நிறுத்திப் பால் விடாத பிளேன்டீ குடித்தோம், எழுபது ரூபாய், நம் கணக்கில் இருபது. கல்யாணம் ஞாயிறு, திங்களன்று என்னை நல்லூர்க் கோயிலுக்குக் கூட்டிப் போகிறாயா என்று கேட்டேன்.

"திங்கள் ஏலாது. எனக்கு ரவுணிலை விசாரணை இருக்கு" என்றான். ரவுண் என்றால் யாழ்ப்பாண டவுன்.

"என்ன விசாரணை, கண்ணு?"

"ஒரு படம், அன்ரி. வீட்டை போய்க் கதைப்பம்." டீக்கடையில் இருந்தவர்கள் எங்களைப் பார்க்கவில்லை. அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்தார்கள்.

வீட்டில் சுலோ கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், சாப்பாட்டுக்கு முன்பே பெட்டியைத் திறந்தேன். தர்ஷினி ரவிக்கையை விரித்தாள். துணியைத் தொடாமல், விரலால் காற்றிலேயே ஒவ்வொரு இதழாகத் தடவினாள். "வடிவா இருக்கு, அன்ரி" என்றாள். வடிவு என்றால் அங்கே அழகு. கண் நிறைந்துவிட்டது. என் வேலைக்குக் கிடைத்த பாராட்டு என்று பூரித்துப்போய்ச் சுலோவைப் பார்த்தால், அவள் எழுந்து யன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

"உதை மூடு, பிள்ளை" என்றாள் மகளிடம்.

"ஏன் சுலோ? நம்ம கண்வலிப் பூதான இது?"

"உனக்குக் கண்வலி. எங்களுக்குக் கார்த்திகைப் பூ. சண்டையிலை செத்த பிள்ளையளுக்கு வைக்கிற பூ. அவையளை நினைக்கிற நாள் வாற வியாழன் வருது. உந்தக் கிழமையிலை உந்தப் பூ ஆரின்ரை கையிலை இருக்கெண்டு பாக்கிறதுக்கெண்டே ஆக்கள் திரியினம்."

மீதியைக் கபிலன் சொன்னான். போன வருடம் வேலியில் பூத்திருந்ததைப் படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டான். ஒரு சொல்கூட எழுதவில்லை. அதற்குத்தான் மாதம் தவறாமல் போலீஸ் விசாரணை. வருகிற திங்கள் கடைசித் தடவையாக இருக்கலாம். "புதுசா ஒண்டும் இல்லாட்டி மூடிவிடுவினம் எண்டு லோயர் சொன்னவர்" என்றான்.

"புதுசா ஏதாச்சும் இருந்தா?"

"உள்ளை போடலாம், அன்ரி."

பேஸ்புக்கில் நான் போட்ட படத்தைப் பற்றிச் சொன்னேன். ஊர்ப் பெயரும் சுலோ பெயரும் போட்டதைச் சொன்னேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கபிலன் தன் போனிலிருந்து எனக்கு இணைப்புக் கொடுத்தான். பக்கம் திறந்தது. படத்தின் கீழே விருப்பம் தெரிவித்தவர்கள் வரிசையில் முதலில் அவன் பெயர்.

"உங்கடை கடையெண்டதும் பாக்காமலே லைக்கை அமத்தினனான்" என்றான்.

படத்தை அழித்தேன். அழித்தால் போய்விடுமா என்று கேட்டேன். பார்க்காதவர்களுக்குப் போய்விடும் என்றான்.

ரவிக்கையைப் பிரித்துவிட வேண்டும் என்றாள் சுலோ. அதுவரை பேசாமல் இருந்த தர்ஷினி அதைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். "நான் உதைத்தான் போடுவன். ரவி மாமாவுக்கு நீங்கள் ஒரு நாளும் ஒரு பூ வைக்க விடேல்லை. என்ரை முதுகிலையாவது இருக்கட்டும்."

ரவி என்பது சுலோவின் தம்பி. குடும்பமே படகேறியபோது வரமாட்டேன் என்று நின்றுவிட்டவன். பிறகு சண்டைக்குப் போனான். எங்கே விழுந்தான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கரூரில் இருந்தபோது அவனைப் பற்றிச் சுலோ என்னிடம் பேசியதே இல்லை. நானும் கேட்டதில்லை.

"செத்தவனுக்குப் பூ வைக்கப் போய், இருக்கிறவனைக் குடுக்கேலாது" என்றாள் சுலோ. சத்தமே போடவில்லை. தர்ஷினி மடியிலிருந்து ரவிக்கையை எடுத்து என் கையில் வைத்தாள்.

ஆரி வேலை சங்கிலித் தையல். முடிச்சை அறுத்து நூல் நுனியை இழுத்தால் சரசரவென்று கழன்று வந்துவிடும். மூன்று வாரம் உட்கார்ந்து போட்டதை, மழை சாத்திய அந்தப் பிற்பகலிலேயே கழற்றத் தொடங்கினேன். சிவப்பு ஒரு உருண்டை, மஞ்சள் ஒரு உருண்டை. சொந்தக் கையாலேயே பிரிக்கிறோமே என்ற வருத்தம் முதல் இதழோடு சரி. அதற்குப் பிறகு இன்னும் வேகமாக வரவில்லையே என்ற அவசரம்தான். மூன்று இதழ் போயிருக்கும், வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. படலை என்கிற வேலிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

இரண்டு பேர், சாதாரண உடுப்பில் போலீஸ்காரர்கள். இளையவன் படலையிலேயே நின்று வேலியை மேலும் கீழும் பார்த்தான். மூத்தவர் மழைக்கோட்டோடு உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தார். ரவிக்கையை ஒளிக்க எனக்கு நேரமும் இல்லை, துப்பும் இல்லை. மடியில் விரித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

அவர் சிங்களம் கலந்த தமிழில் நிதானமாகக் கேட்டார். கல்யாணம் எந்த மண்டபம், வெளிநாட்டிலிருந்து யார் யார், ஒலிபெருக்கி எத்தனை மணிவரை. சுலோ ஒவ்வொன்றுக்கும் "ஓம் சேர்" என்று தொடங்கிப் பதில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்தியா அம்மா இவங்களா? பாஸ்போட்."

கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இருந்த ஒரே முத்திரை அன்று காலை குத்தியது. "என்ன தொழில்?"

"தையலுங்க."

"ஏன் பிரிக்கிறது?"

"அளவு சரியில்லைங்க" என்றேன். அதே மூச்சில் "நெறம் ஒத்து வரலைங்க" என்றும் சொல்லித் தொலைத்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். மிச்சமிருந்த மூன்று இதழ்களும் என் மடியில் கிடந்தன. சிவப்பு நூல் உருண்டையை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். "நல்ல நிறம்தானே" என்று சொல்லி அதை என் கையில் திரும்ப வைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எழும்பும்போது கபிலனிடம், "திங்கக்கிழமை வாறதுதானே?" என்றார்.

"ஓம் சேர்."

"அதுக்கு முதல் அந்த நாள் வருது. எங்க இருப்பாய்?"

"வீட்டிலை, சேர். கலியாண வேலை."

"நல்லம். வீட்டிலயே இரு."

மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்கியதும் சுலோ எழுந்து குசினிக்குள் போய் உலையில் அரிசி போட்டாள்.

புதனன்று ஊசித் துளைகளோடு மல்லுக்கட்டினேன். நூலை உருவினாலும் பட்டில் துளை நிற்கும். வெளிச்சத்தில் பிடித்தால் அதே ஆறு இதழும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. ஈரத்துணி வைத்து நகத்தால் தேய்த்தேன், போகவில்லை. அதன் மேலேயே வெள்ளை நூலில் ஒரு தாமரை போட்டு மூடினேன். தாமரை கோயிலுக்கும் ஆகும், விகாரைக்கும் ஆகும். அதைக் கண்டு யாரும் நின்று கேள்வி கேட்பதில்லை. தர்ஷினி போட்டுப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றாள். வடிவு என்று சொல்லவில்லை.

வியாழனன்று யாரும் வீட்டை விட்டு இறங்கவில்லை. அளவெட்டியில் எங்கோ ஒரு வீட்டில் தினமும் காலையில் நாதஸ்வரம் பழகும் சத்தம் கேட்கும். அன்று அதுவும் கேட்கவில்லை, அல்லது என் பயத்தில் காதில் விழவில்லை. சுலோ விடிந்ததும் வேலி ஓரமாகக் குனிந்து குனிந்து நடந்தாள். மழைக்குத் தானாக முளைத்திருந்த கார்த்திகைப் பூக் கொடிகளைத் தேடிப் பிடுங்கினாள். மொட்டோடு இருந்தவற்றை அடுப்பிலேயே போட்டாள்.

"வருஷா வருஷம் பிடுங்குவியா?" என்றேன்.

"கிழங்கு அடியிலை கிடக்குது. மழை பெய்ய வந்திடும்" என்றாள்.

பொழுது சாயச் சாமி அறையில் ஒரு விளக்கு ஏற்றினாள். தட்டில் வைத்திருந்த பூவைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நித்தியகல்யாணி. எங்கள் பக்கம் அதைச் சுடுகாட்டுப் பூ என்பார்கள், வீட்டுக்குள் கொண்டுவரவே மாட்டோம். இங்கே அதற்குப் பட்டிப்பூ என்று பெயர். தினமும் சாமிக்கு வைக்கிறார்கள். "உது சாமிப் பூ. உதுக்கு ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்" என்றாள் சுலோ. தம்பி பெயரைச் சொல்லவில்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் வந்து நின்று கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். படலைப் பக்கம் சைக்கிள் மணி கேட்டபோது நால்வரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம்.

ஞாயிறன்று கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மண்டபத்தில் தவிலும் நாதஸ்வரமும் காதைப் பிளந்தன, சாப்பாடு அருமை, மாப்பிள்ளை வெட்கப்பட்டார். பெண்ணின் முதுகுத் தாமரையை நாலைந்து பேர் கிட்ட வந்து பார்த்து விலை கேட்டார்கள். நான் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தியில் எனக்கு எதிரே கபிலன் ஓடி ஓடிப் பரிமாறினான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் திங்கட்கிழமைதான் நினைவுக்கு வந்தது.

திங்கள் காலை அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ரவுணுக்குப் போனான். பஸ் பழுதானாலும் பிந்தக் கூடாது என்று இரண்டு மணி நேரம் முந்தியே கிளம்பினான். சுலோ அன்று சமைக்கவில்லை. நான் வாசலுக்கும் குசினிக்கும் நடந்தேன். நம்மால்தான், நம் மாநிலப் பூ பெருமையால்தான் இந்தப் பையன் உள்ளே போகப் போகிறான் என்று ஒரே நினைப்பு. காலம் பின்னால் போய், ஊரில் பெட்டியையே கட்டாமல் இருந்துவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பைத்தியக்காரத்தனமாக நினைத்தேன்.

பின்னேரம் வந்தான். சப்பாத்தைக் கழற்றியபடியே, "மூடேல்லை. அடுத்த மாதமும் வரட்டாம்" என்றான்.

"புதுசா ஏதும் கேட்டவையோ?" என்றாள் சுலோ.

அவன் என்னைப் பார்க்கவில்லை. "ஆரி வேலை எண்டா என்னெண்டு கேட்டவை" என்றான்.

வீட்டுக்கு வந்தவர்களிடம் நான் தையல் என்றுதான் சொன்னேன்; ஆரி என்ற சொல் என் கடையின் பேஸ்புக் பக்கத்தில்தான் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கபிலன் பக்கத்தில் வந்து தண்ணீர் கொடுத்தான். "விடுங்கோ, அன்ரி. உது இல்லாட்டி வேறை ஒண்டைக் கேட்டிருப்பினம்" என்றான். அவன் அப்படிச் சொன்னதுதான் என்னைக் கொன்றது.

செவ்வாய் காலை பலாலிக்குச் சுலோவும் கூட வந்தாள். வாசலில் என் கையைப் பிடித்தவள் விடவில்லை. கோபித்துக்கொள், சுலோ, என்று கெஞ்ச வேண்டும்போல இருந்தது. அவள் காதருகே வந்து மெல்லச் சொன்னாள்.

"உன்ரை ஊரிலை இப்ப வயல் முழுக்கப் பூத்திருக்கும் என்ன?"

"ஆமா."

"ஒண்டு பிடுங்கி எங்கையாவது வை. என்ரை தம்பிக்கு. அங்கை ஒருத்தரும் கேக்க மாட்டினம். படம் எடுக்காதை. போனிலையும் சொல்லாதை."

புதன் விடிந்ததும் எங்கள் வயலுக்குப் போனேன். பெண்கள் வரிசை வரிசையாக நின்று பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பூவைக் கிள்ளினேன். "ஏனுங்க்கா, ஒரு பூப் போனா ஒரு காய் போச்சே?" என்று ஒருத்தி கேட்டாள். சும்மா கேட்டாள், சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். பூவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நடந்தேன். வரப்பின் கோடியில், கிணற்று மேட்டில் வைத்தேன். ரவியின் பெயரை மனதுக்குள் மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் சுலோ கூப்பிட்டாள்.

"அங்கை மழையோ?"

"நல்ல மழை."

"காலமை வயலுக்குப் போனனியோ?"

"போனேன்."

அவள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. "சரி, பேந்து கதைப்பம்" என்று வைத்துவிட்டாள். கபிலன் எப்படி இருக்கிறான் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. மூலனூரில், என் சொந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு, போனில் அந்தப் பையனின் பெயரைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.